மெஷினுக்கு எட்டும் 3 லிட்டர்

சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து, தேங்கிய நீரையும் எடுத்துவிடுவது டயாலிசிஸ். அந்த வார்டில் நாங்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே "இன்னைக்கு எவ்வளவு எடுத்தாங்க?" என்றுதான். பதில் லிட்டரில் வரும். புதன், வெள்ளிகளில் இரண்டு, இரண்டரை. சனி, ஞாயிறு இடைவெளி விட்டு வரும் திங்கட்கிழமை என்றால் மூன்றைத் தொடும். நான் ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மூட்டையை எடை போட்டு, ரசீது போட்டு, வண்டியில் ஏறியதும் இறங்கியதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது வேலை. அந்தப் பழக்கத்தில் ஒரு கணக்கு என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ரத்தம் நாலே கால், நாலரை லிட்டர்தான். அதில் சிவப்பணுக்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, ஏறக்குறைய 3 லிட்டர். என் எடையும் 60தான். மெஷின் என் ரத்தத்தை மட்டும்தான் தொடுகிறது. 4 மணி நேரத்தில் 3 லிட்டரை உறிஞ்சி வெளியே விடுகிறது. அப்படியானால் ரத்தத்தில் நீரே மிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் நான் எழுந்து, கையில் பிளாஸ்திரியோடு டீக்கடையைத் தாண்டி நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறேன். எடுத்த 3 லிட்டர் எங்கிருந்து வந்தது?

கிட்னி டாக்டரிடம் கேட்டதற்கு, "ரத்தத்துல இருந்ததை எடுக்கல சார், ரத்தம் வழியா எடுத்தோம்" என்றார். அந்த ஒரு வரியை முழுசாகப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்தபின் தாகம், கால் வீக்கம், கெண்டைக்கால் இழுப்பு, இரவில் மூச்சுத்திணறல் எல்லாமே ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகள் என்று தெரிந்தது. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டில் சமைக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அளவுகளை உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நீர் எங்கெங்கே இருக்கிறது என்பது. வளர்ந்த ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் நீர். பெண்களுக்கு 50 சதவீதத்தை ஒட்டி. தசையில் முக்கால் பங்கு நீர், கொழுப்பில் மிகக் குறைவு. அதனால் குண்டானவர்களுக்கு இந்த விகிதம் இறங்கும், வயதானவர்களுக்கும் இறங்கும். என் 60 கிலோவில் 36 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, 24 லிட்டர், செல்களுக்கு உள்ளே. மீதி 12 லிட்டர்தான் செல்களுக்கு வெளியே. அந்த 12லும் 9 லிட்டர் செல்களுக்கு நடுவில் இருக்கும் இண்டு இடுக்குகளில் கிடக்கிறது. ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்மாவாக ஓடுவது கடைசி 3 லிட்டர். செல்லின் உள்நீர், இடைநீர், ரத்தநீர் என்று மூன்று இடம். மெஷினுக்கு எட்டுவது மூன்றாவது மட்டுமே.

உயிரோடு இருக்கும் உடம்பில் இதையெல்லாம் எப்படி அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 1934இல் ஹெவெசி, ஹோஃபர் என்ற இருவர் கனநீரை, அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரை, வைத்து மொத்த நீரை மதிப்பிட்டார்கள். தெரிந்த அளவு கனநீரைக் குடித்தால், அது உடம்பு நீரோடு கலந்து எவ்வளவு நீர்த்துப்போகிறதோ அதை வைத்து மொத்தத்தைக் கணக்குப் பண்ணிவிடலாம். ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியேறாத சாயத்தைச் செலுத்தினால் பிளாஸ்மா அளவு கிடைக்கும். செல்லுக்குள் நுழையாத பொருளைச் செலுத்தினால் வெளிநீர் கிடைக்கும். மீதியைக் கழித்தல் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

இப்போது என் 3 லிட்டருக்கு வருவோம். மெஷின் ரத்தத்திலிருந்து நீரை இழுக்க இழுக்க, ரத்தக்குழாயில் மிஞ்சும் புரதம், முக்கியமாக ஆல்புமின், அடர்த்தியாகிறது. குழாய்க்குள் அழுத்தமும் குறைகிறது. நீரை வெளியே தள்ளும் ரத்த அழுத்தம், உள்ளே இழுக்கும் புரதம் என்ற இந்த இரண்டு விசைகளின் கணக்கை 1896இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் சொன்னார். டயாலிசிஸின்போது இழுக்கும் பக்கம் கை ஓங்குகிறது. இடைநீர் மெல்லிய குழாய்களின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் வந்து சேர்கிறது. எங்கள் பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் இறைக்கிறது, ஊற்று ஊறுகிறது. ஊற்றைவிட வேகமாக இறைத்தால் கிணறு வற்றும், பக்கத்து மண்ணில் ஈரம் இருந்தாலும் வற்றும்.

நான்கு மணி நேரத்தில் கடைசி ஒரு மணி நேரம் ஏன் கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில். ஆரம்பத்தில் இடுக்குகளில் நீர் நிறைய இருக்கிறது, ஊற்று தாராளம். போகப் போக அது குறைகிறது, மெஷின் மட்டும் அதே வேகத்தில் இழுக்கிறது. பி.பி. இறங்குகிறது. கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும் பாருங்கள், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்; நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் பாதத்தை உதைப்பேன். சிஸ்டர் வந்து இழுக்கும் வேகத்தை நிறுத்தி, தலைமாட்டை இறக்கி, 100 மில்லி சலைன், அதாவது உப்புநீர், விடுவார். கொஞ்ச நேரத்தில் பிடிப்பு விடும். எடுத்த நீரில் 100 மில்லி திரும்ப உள்ளே போனது கணக்கில் நஷ்டம்தான், ஆனால் அந்த நிமிஷத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பி.பி. இறங்கப்போவதற்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். எனக்குக் கொட்டாவி வரும். ஒன்றல்ல, அடுத்தடுத்து. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குக் காது அடைக்கும். சிலருக்குக் கண் மங்கும், வியர்க்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. உங்களுடையது எது என்று கவனித்து வைத்துக்கொண்டு, அது வந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். சங்கோஜப்பட்டுப் படுத்திருந்தால் அடுத்து மயக்கம்தான்.

எவ்வளவு வேகம் தாங்கும்? ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுப்பது நல்லதல்ல, இதயத்துக்குக் கெடுதல் என்பது இப்போது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. என் எடைக்கு மணிக்கு 780 மில்லி. 4 மணி நேரத்துக்கு 3 லிட்டர் 120 மில்லி. இதைக் கண்டுபிடித்தவுடன் என் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிவைத்தேன். வெள்ளிக்கிழமை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை போகிறவரைக்கும் நான் ஏற்றிக்கொள்ளக்கூடிய எடையின் உச்சம் அது. மூன்றரை கிலோ ஏற்றிக்கொண்டு போனால் இரண்டே வழி: அரை மணி நேரம் கூட்டச் சொல்ல வேண்டும், அல்லது அரைக் கிலோவைப் புதன்கிழமைக்கு விட்டுவைக்க வேண்டும். கூட்டச் சொன்னால் டெக்னீஷியன் தம்பி முகம் சுருங்கும், அடுத்த ஷிப்ட் ஆட்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் கேட்க வேண்டும். "எப்படியாவது மொத்தத்தையும் எடுத்துடுங்க, நான் தாங்கிக்குவேன்" என்று வீராப்புப் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். தாங்கவேண்டியது நாம் இல்லை, இதயமும் மூளையும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் போகும், பி.பி. இன்னும் இறங்கும். நான் வீட்டிலேயே காலை 5.30 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். சர்க்கரை இருப்பவர்கள் இப்படிப் பட்டினி கிடக்க முடியாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுத் திட்டம் போட வேண்டும். பி.பி. மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலை போடுவதா முடித்துவிட்டுப் போடுவதா என்பதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

சரி, இனி உப்பு. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் "தண்ணியைக் குறைங்க" என்றுதான் சொல்லியனுப்புகிறார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கு வறண்டு அலைந்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு நீர் உடம்பில் தங்கும் என்பதை முடிவு செய்வது உப்பு. உப்பிலுள்ள சோடியம் செல்லுக்குள் தங்க முடியாது. செல்லின் சுவரில் ஒரு பம்பு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு பகல் ஓயாது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ நண்டுக்கால் நரம்பை வைத்து ஆராய்ந்து 1957இல் இதைப் பற்றி எழுதினார். நோபல் பரிசு வந்தது 1997இல். நண்டு வறுவல் தட்டில் வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். எனக்கு இப்போது வறுவல் கிடையாது என்பது வேறு கதை.

ஆக நாம் சாப்பிடும் சோடியம் பெரும்பாலும் அந்த 12 லிட்டர் வெளிநீரில்தான் போய் நிற்கிறது. அங்கே உப்பு கூடினால், அதைச் சமப்படுத்தச் செல்லுக்குள்ளிருந்து நீர் வெளியே வருகிறது. செல் லேசாகச் சுருங்குகிறது. மூளையில் இதை உணர்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை சுருங்கியவுடன் தாகம் எடுக்கிறது. மன உறுதி எல்லாம் அதன் முன்னால் நிற்காது. வெளிநீர் மறுபடி பழைய அடர்த்திக்கு வரும்வரை குடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்த அடர்த்தி, சாப்பாட்டு உப்பாகக் கணக்குப் போட்டால், லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம். ஆஸ்பத்திரி சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று போட்டிருப்பது இதைத்தான்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கூடுதல் உப்பு சிறுநீரில் போய்விடும். எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. வியர்வையில் போவது போக, நான் வெள்ளிக்கிழமை மதியம் முதல் சாப்பிடும் உப்பு திங்கட்கிழமை காலைவரை உள்ளேயேதான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். மூன்று நாளைக்கு 15 கிராம். 9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.7 லிட்டர். சுலபமாக எடுத்துவிடலாம். வழக்கமான நம் வீட்டுச் சாப்பாட்டில், ஊறுகாய், அப்பளத்தோடு, நாளுக்கு 10 கிராம் சர்வசாதாரணம். 30 கிராம். 3.3 லிட்டர். என் எல்லை தாண்டிவிட்டது. உப்பைக் குறைக்காமல் தண்ணீரைக் குறைக்கப் பார்ப்பது, ஏற்றிய சரக்கை அப்படியே வைத்துவிட்டு ரசீதை மட்டும் திருத்தப் பார்க்கிற வேலை.

பக்கத்துக் கட்டில் அக்கா தண்ணீர் விஷயத்தில் என்னைவிடக் கறார். பாட்டிலில் 700 மில்லி பிடித்துவைத்துக் குடிப்பார். ஆனாலும் திங்கட்கிழமை எடை எகிறும். "தண்ணி எங்க தம்பி குடிச்சேன், தொண்டையை நனைச்சதோட சரி" என்று அங்கலாய்ப்பார். பாட்டில் காலியான பின் தாகம் பொறுக்காமல் மோர், ரசம், தர்பூசணி என்று வேறு பாதையில் நீர் போய்க்கொண்டிருந்தது. காரணம் தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய், சாம்பார் சாதத்துக்கு வடகம். டயட்டீஷியன் அதை மட்டும் நிறுத்தச் சொன்னார். இப்போதும் வாரக்கடைசியில் கல்யாணம் காட்சி வந்தால் அவருக்கு எகிறத்தான் செய்கிறது. மற்ற வாரங்களில் பரவாயில்லை.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். குழம்பு, பொரியலில் எனக்கான பங்கை உப்புப் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். காலையில் ஒரு சின்ன டப்பியில் எனக்கு 3 கிராம் உப்பு. ஆபீஸில் தங்கம் நிறுக்கிற மாதிரி தராசு எதுவும் இல்லை, கடையில் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினோம். சாப்பிடும்போது மேலே தூவிக்கொள்வேன். சமையலுக்குள் கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்கில் நன்றாக உறைக்கிறது, குறைவாகவே போதும். மீதி 2 கிராம் எப்படியும் இட்லி மாவு, ரொட்டி, பிஸ்கட் என்று தெரியாமல் வந்துவிடும். புளிப்பு, மிளகு, சீரகம், பூண்டு, எலுமிச்சை கொஞ்சம் கைகொடுக்கும். முதல் சில வாரம் சாப்பாடு சவசவ என்றுதான் இருந்தது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஓட்டல் சாம்பார் கரிக்கிறது.

கருவாடு, அப்பளம், ஊறுகாய், சிப்ஸ், பாக்கெட் சூப் இவையெல்லாம் எதிரிகள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் வருவது ஆப்பசோடா, அப்பளக்காரம், அஜினோமோட்டோ. மூன்றிலும் சோடியம் இருக்கிறது. இந்துப்பு கிட்னிக்கு நல்லது என்று உறவுக்காரர்கள் வாங்கிவந்து கொடுப்பார்கள். அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நன்றி சொல்லி வாங்கி, கோலத்துக்குக்கூட உதவாது என்று ஓரமாக வைத்துவிடுங்கள்.

தண்ணீர் அளவை ஒவ்வொருவருக்கும் டாக்டர்தான் சொல்வார்; எவ்வளவு சிறுநீர் போகிறது என்பதைப் பொறுத்தது. காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சோறு, இட்லியில் இருக்கும் நீரை எண்ணவேண்டாம், மூச்சிலும் தோலிலும் போவது அதற்கு ஈடாகிவிடும் என்றார் டயட்டீஷியன். மே மாதத்து ஈரோட்டு வெயிலில் தாகம் பொறுக்காதபோது நான் நம்புவது சின்ன ஐஸ்கட்டிகளை. ஒரு மடக்குத் தண்ணீர் ஒரு நொடியில் போய்விடும்; அதே அளவு ஐஸ் ஐந்து நிமிஷம் வாயில் இருக்கும். ஏலக்காய் அல்லது கிராம்பு அடக்கிக்கொள்வது, வாய் கொப்பளித்துத் துப்புவது, அரை டம்ளராக இருக்கிற சின்ன டம்ளருக்கு மாறுவது இவையும் உதவும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு வில்லங்கம். ரத்தத்தில் சர்க்கரை எகிறினால் அதுவும் உப்பைப் போலவே செல்லிலிருந்து நீரை இழுத்துத் தாகத்தைக் கிளப்பும். உப்பைக் குறைத்தும் எடை ஏறுகிறது என்றால் சர்க்கரையைப் பாருங்கள்.

வீக்கத்தைப் பற்றி. "கால் வீங்கலை, அதனால நீர் இல்லை" என்பது வார்டில் அடிக்கடி கேட்கும் வசனம். விரலால் அமுக்கினால் குழி விழுகிற அளவுக்கு வீக்கம் தெரிவதற்குள் இடைநீரில் 2, 3 லிட்டர் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும்போது தாமதமாகிவிட்டது. எடை மெஷின் முதல் நாளே சொல்லிவிடும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ, இதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் இல்லை. காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில், அதே மாதிரி உடுப்பில் நின்று எழுதிவையுங்கள். மெஷினை மொசைக் தரையில் வையுங்கள், பாய் மேல் வைத்தால் பொய் சொல்லும்.

பகலில் காலில் இருக்கும் நீர் இரவில் படுத்ததும் அங்கேயே நிற்காது. படுக்கைவாட்டில் அது ரத்தத்துக்குத் திரும்பி நெஞ்சுப் பக்கம் வருகிறது. இதயம் திணறினால் நுரையீரலில் கசிகிறது. ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்கிறார், அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நோயாளி "வாயுத் தொல்லை" என்று சமாளிப்பார். படுக்கவே முடியவில்லை, இருமலில் நுரை வருகிறது என்றால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

எடை மெஷினும் ஒரு இடத்தில் ஏமாற்றும். ட்ரை வெயிட் என்று ஒரு எண்ணை நிர்ணயித்திருப்பார்கள் இல்லையா, கூடுதல் நீர் எல்லாம் போனபின் இருக்கவேண்டிய எடை, அது நிரந்தரம் கிடையாது. போன வருஷம் எனக்கு டைஃபாய்டு வந்து கஞ்சியிலேயே நாள் போனது. எடை அதே 60. ஒவ்வொரு முறையும் சரியாக 60இல் முடித்து அனுப்பினார்கள். ஆனால் பி.பி. ஏறியது, படியேற மூச்சு வாங்கியது. தசை 2 கிலோ கரைந்திருக்கிறது, அந்த இடத்தில் 2 கிலோ நீர் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் மாறாததால் யாருக்கும் தெரியவில்லை. பெல்ட்டில் ஓட்டை ஒன்று உள்ளே போயிருந்ததைச் சொன்னதும் டாக்டர் ட்ரை வெயிட்டைப் படிப்படியாக 58க்கு இறக்கினார். மூச்சு சரியானது. பிறகு பசி திரும்பி உடம்பு தேறியபோது இதற்கு நேர்மாறு: 58க்கு இறக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் இழுத்தது. தேறிய சதையை நீர் என்று நினைத்து மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஏற்றினார்கள். ஆகவே காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல நாள் பசியின்மை, அல்லது திடீரென்று நன்றாகச் சாப்பிடத் தொடங்குவது, எதுவானாலும் அதை வார்டில் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க நேரம் இருக்காது.

சில இடங்களில் கையிலும் காலிலும் ஒட்டுப் போட்டு நுண்ணிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள். குறைந்த அதிர்வெண் மின்சாரம் செல்களைச் சுற்றிக்கொண்டு போகும், கூடிய அதிர்வெண் செல்லுக்குள்ளும் பாயும். இரண்டின் வித்தியாசத்திலிருந்து வெளிநீர் எவ்வளவு, உள்நீர் எவ்வளவு என்று மதிப்பிடும். வாய்ப்பு இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

ஆல்புமின் குறைந்தவர்கள் கதை தனி. காலில் நீர் தளும்பும், ஆனால் மெஷினில் ஏற்றியதும் பி.பி. விழும். நீர் இருக்கிறது, ரத்தத்துக்குள் இழுக்க ஆள் இல்லை. முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லி டயட்டீஷியன் நச்சரிப்பது ஏன் என்று அவர்களுக்கு இப்போது புரியலாம்.

இதுவரை வெளிநீரைப் பற்றியே பேசினேன். உள்நீரின் ராஜா பொட்டாசியம். உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள், நூறு கிராமுக்கு மேல். வெளியே உள்ள 12 லிட்டர் முழுவதிலும் சேர்த்து 2 கிராம்தான். அந்த 2 கிராம் கொஞ்சம் கூடினாலும் இதயத்துடிப்பு தப்பும். ஒரு இளநீரில் அரைக் கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அமிர்தம், எங்களுக்கு விஷம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரோடும் சாத்துக்குடியோடும் வருவது நம் ஊர் வழக்கம். அன்போடுதான் தருகிறார்கள், வாங்கிக் கூடவந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். இதைவிட ஆபத்து கடைகளில் "லோ சோடியம்" என்று விற்கும் உப்பு. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பி.பி. உள்ள மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம், நாங்கள் தொடவே கூடாது. காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும்.

மெஷின் பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறது. முடிந்தவுடன் பரிசோதித்தால் அளவு அழகாக இறங்கியிருக்கும். சில மணி நேரத்தில் செல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து மறுபடி ஏறும். அதனால் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வாழைப்பழம் சாப்பிடக் கிளம்பிவிடாதீர்கள். அவசரத்துக்கு இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார்கள். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளி ஒளித்துவைக்கிறது, வெளியேற்றுவதில்லை. மெஷினில் ஏற்றுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

முதல் டயாலிசிஸை ஏன் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். அதுவும் இந்தக் கணக்குத்தான். பல மாதமாக ஏறிக்கிடக்கும் யூரியா என்ற கழிவை ரத்தத்திலிருந்து மளமளவென்று எடுத்தால், மூளைச் செல்களுக்குள் இருப்பது அதே வேகத்தில் வெளியே வராது. உள்ளே அடர்த்தி கூட, வெளியே குறைவு. நீர் மூளைக்குள் போகும். தலைவலி, வாந்தி, மோசமானால் வலிப்பு. 1943இல் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்த காலத்தில், தொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் குழாயை வைத்து முதல் மெஷினைக் கட்டினார். அவர் காலத்து நோயாளிகள் என்னவெல்லாம் பட்டார்களோ. இன்று மெதுவாகத் தொடங்குகிறார்கள் என்றால் நல்லதற்குத்தான்.

கடைசியாக, வெளியூர் போகிறவர்களுக்கு. காய்ச்சலோ அசதியோ வந்தால் நம் ஊரில் முதல் வேலை பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் போடுங்க" என்பது. அவர்கள் போடுவது சலைன் என்றால், அந்த அரை லிட்டர் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு, எங்களுக்கு ஒரு நாள் ரேஷன். ஏற்றிய நீரில் கால் பங்குதான் ரத்தத்தில் நிற்கும், முக்கால் பங்கு இடைநீருக்குப் போய்விடும். குளுக்கோஸ் பாட்டில் என்றால் சர்க்கரை செலவானதும் வெறும் நீராக மூன்று இடத்துக்கும் பரவி, ரத்தத்தில் நிற்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. சிறுநீர் போகாத உடம்பில் மீதி எல்லாம் அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயே. நிஜமாகவே வாந்தி, பேதியில் நீர் போய்விட்டது என்றால் எங்களுக்கும் டிரிப்ஸ் வேண்டிவரும், ஆனால் அதை டயாலிசிஸ் தெரிந்த டாக்டர் அளந்து போட வேண்டும்.

என் சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்கிறது. லேமினேட் செய்தது. டயாலிசிஸ் நோயாளி, திங்கள், புதன், வெள்ளி. ட்ரை வெயிட், அதை எழுதிய தேதி. இடது கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்), அந்தக் கையில் வேறு ஊசியும் பி.பி. பட்டையும் கூடாது, டாக்டரைக் கேட்காமல் டிரிப்ஸ் வேண்டாம், பொட்டாசியம் கலந்த எதுவும் வேண்டாம், கிட்னி டாக்டர் போன் நம்பர். ட்ரை வெயிட் மாறும்போதெல்லாம் புது அட்டை போட வேண்டியிருக்கிறது. லேமினேஷன் கடைக்காரர் இப்போது என்னிடம் பாதிக்காசுதான் வாங்குகிறார்.